ஹோட்டல்ல உட்கார்ந்ததும் "என்ன அரிசி?"ன்னு கேளுங்க

போன வாரம் சென்னையிலேர்ந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். குடும்பத்தோட காரைக்கால் எக்ஸ்பிரஸ்ல வர்றாராம். நாகூர், வேளாங்கண்ணி, சிக்கல், திருவாரூர்னு மூணு நாள் சுத்தப் போறாராம். "கோயில் குளமெல்லாம் நான் பாத்துக்கறேண்ணே. எங்க சாப்பிடறதுன்னு மட்டும் ஒரு லிஸ்ட் அனுப்புங்க. யூடியூப்ல பார்த்தா எல்லாக் கடையும் வேற லெவல்ங்கறான், நம்ப முடியல"ன்னார்.

லிஸ்ட் அனுப்பினேன். அதுக்குக் கீழே ஒரு நிபந்தனையும் போட்டேன். எந்தக் கடையில உட்கார்ந்தாலும் இலை போட்டதும் "இது என்ன அரிசி?"ன்னு ஒரு தடவை கேக்கணும். அவர் சிரிச்சார். நான் விளையாட்டுக்குச் சொல்லல. ஏன்னு பின்னால சொல்றேன். முதல்ல லிஸ்ட்.

பேர் பெத்த கடைகளை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. கும்பகோணம் வழியா வந்தா கும்பேஸ்வரர் கோயில் பக்கத்துல மங்களாம்பிகா இருக்கு. மாயவரம் வழின்னா காளியாகுடி. திருவையாறு போனா அசோகா சாப்பிடாம யாரும் திரும்பறதில்ல. பாசிப்பருப்பும் நெய்யும் இவ்வளவு ஒத்துமையா இருக்கிற பண்டம் வேற கிடையாது. இதெல்லாம் கார்ல போறவங்க கணக்கு. நான் சொல்லப்போறது எங்க கீழ்வேளூருக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற திருவாரூர், நாகப்பட்டினம் கணக்கு. விதை வாங்க, உரம் வாங்க, பேங்க்குக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு முப்பது வருஷமா போய் வந்து, பசிச்ச நேரத்துல உட்கார்ந்து சாப்பிட்ட இடங்கள்.

காலையில இட்லி சாப்பிடுங்க. பொங்கல், பூரியெல்லாம் எங்க வேணா கிடைக்கும். திருவாரூர்ல பெரிய கோயிலைச் சுத்தியிருக்கிற வீதிகள்ல, ஆறு மணிக்கே ஆவி பறக்கிற சின்னக் கடையாப் பார்த்துப் போங்க. போர்டு பெருசா இருக்கணும்னு அவசியமில்ல. இட்லியை ஏன் சொல்றேன்னா, டெல்டா சாப்பாடுன்னு ஒண்ணைக் காட்டச் சொன்னா நான் இட்லியைத்தான் காட்டுவேன். எங்க வயல்ல குறுவைக்குப் போடற ஆடுதுறை 37, சம்பாவுக்குப் போடற சி.ஆர். 1009 ரெண்டுமே குண்டு நெல்லு. இட்லி அரிசின்னு கடையில நீங்க கேட்டு வாங்கறது பெரும்பாலும் இந்த மாதிரி நெல்லுதான். உளுந்தும் எங்களோடதே. சம்பா அறுக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி, ஈரம் இருக்கிற வயல்ல, நிக்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிச்சு விட்டுடுவோம். தண்ணி பாய்ச்ச வேண்டாம், உழவு வேண்டாம். பனியில வளர்ந்து பங்குனிக்குள்ள கைக்கு வந்துடும். ஆக அரிசியும் உளுந்தும் ஒரே வயல்ல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா விளைஞ்சது. இதை யாரும் வீடியோ எடுக்கறதில்ல.

பங்குனி, சித்திரையில வந்தா எங்க கீழ்வேளூர்லயும் இறங்குங்க. இங்க பெரிய ஹோட்டல் கிடையாது. கேடிலியப்பர் மாடக்கோயிலைப் பார்த்துட்டு, சாயந்திரம் டீக்கடையில உளுந்து வடை சாப்பிடுங்க. புது உளுந்து வடைக்கு ஒரு வாசம் உண்டு. அது ரெண்டு மாசந்தான் இருக்கும்.

மத்தியானம் நாகப்பட்டினம். மீன் சாப்பாட்டுக்கு, அக்கரைப்பேட்டை துறைமுகத்துல ஏலம் எடுத்து அன்னன்னைக்கே சமைக்கிற சின்ன மெஸ்ஸுங்க இருக்கு. போனதும் வஞ்சிரம் கேக்காதீங்க. "இன்னைக்கு என்ன மீன்?"னு கேளுங்க. மத்தி, நெத்திலி, சங்கரா, பாறைன்னு எது சொல்றாங்களோ அதுதான் அன்னைக்கு நல்ல மீன். இன்னொண்ணு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த நேரத்துல பெரிய மீன் கிடைச்சா வெளியூர்லேர்ந்து ஐஸ்ல வந்ததுன்னு புரிஞ்சுக்கலாம். நாட்டுப்படகுல பிடிச்ச பொடி மீன் கிடைக்கும், அதைக் குழம்பா சாப்பிடுங்க. வேளாங்கண்ணி கடற்கரையில சிவப்பா மசாலா தடவி அடுக்கி வெச்சிருக்கிற வறுத்த மீனைப் பத்தி எனக்குப் பெருசா அபிப்பிராயம் இல்ல. பசங்க ஆசைப்பட்டா கண்ணு முன்னால பொரிச்சுத் தரச் சொல்லி வாங்கிக் குடுங்க.

சாயந்திரம் நாகூர். தர்கா பக்கம் கடைத்தெருவுல வாடா போடுவாங்க. அரிசி மாவுல வெங்காயமெல்லாம் சேர்த்துத் தட்டி, மேல ஒரு இறாலை அழுத்தி எண்ணெயில விடறது. வடைன்னு நினைச்சு வாங்கிடாதீங்க, அது வேற சாதனம். ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல மெத்துன்னும் இருக்கும். சூடா இருக்கும்போதே தின்னுடணும். பார்சல் கட்டினா போச்சு. வயலும் கடலும் ஒரே வாய்க்குள்ள வர்றது இதுல மட்டுந்தான்.

லிஸ்ட் அவ்வளவுதான். இப்ப அந்த நிபந்தனைக்கு வர்றேன்.

"நெற்களஞ்சியம்"னு போர்டு பார்த்துக்கிட்டே வருவீங்க. ரெண்டு பக்கமும் பச்சையா வயல். ஹோட்டல்ல உட்கார்ந்து ஃபுல் மீல்ஸ் சொல்லுவீங்க. அந்த ஹோட்டலோட பின்பக்கம் அடுக்கியிருக்கிற சிப்பத்தைப் பார்த்தா கர்நாடகா பொன்னி, ஆந்திரா பொன்னின்னு எழுதியிருக்கும். அப்ப எங்க நெல்லு எங்க போகுது? நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகுது. அங்கேர்ந்து லாரியில நாகப்பட்டினம், திருவாரூர் ஸ்டேஷனுக்குப் போய், சரக்கு ரயில்ல ஏறி வெளி மாவட்டத்துக்கு அரவைக்குப் போகுது. நீங்க வந்து இறங்குற அதே ஸ்டேஷன்லேர்ந்துதான் எங்க நெல்லு ரயிலேறுது.

கொள்முதல் நிலையத்தை நான் குறை சொல்ல வரல. அது இல்லாட்டி வியாபாரி சொன்ன விலைக்குக் குடுத்துட்டுத்தான் வரணும், எங்க அப்பா காலத்துல அதைப் பார்த்திருக்கேன். ஆனா அங்க பார்க்கறது ஈரப்பதம், பதர், கருக்கா, கல்லு மண்ணு. ருசின்னு ஒரு கட்டம் அந்தப் படிவத்துல கிடையாது. 2025 செப்டம்பர்லேர்ந்து சன்ன ரகம் குவிண்டால் 2545 ரூபா, பொது ரகம் 2500 ரூபா. நாற்பது கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டா 1018, 1000. பதினெட்டு ரூபா வித்தியாசம். மாவுக்குப் பதினோரு மூட்டை காணுற சி.ஆர். 1009 போட்டா எனக்கு லாபமா, ஆறு மூட்டை காணுற கிச்சிலிச் சம்பா போட்டா லாபமா? சின்னப் பிள்ளை கூட சொல்லிடும்.

அப்படியும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு கிறுக்கு பிடிச்சுது. மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், கிச்சிலிச் சம்பா போட்டேன். பதினெட்டு மூட்டை வந்தது. அதை அவிச்சு அரிசியா அரைச்சேன். அவிக்கறதுக்கே அலைஞ்ச அலைச்சல் தனிக் கதை. முன்னெல்லாம் ஊருக்கு ஊர் சின்ன மில்லு இருந்தது, வீட்டு வாசல்லயே அவிச்சுக் காய வெச்சுக் கொண்டுபோவோம். இப்ப பதினெட்டு மூட்டைக்காக மில்லை ஓட்ட யாரும் தயாரா இல்ல. அஞ்சு இடத்துல கேட்டு ஆறாவது இடத்துல அரைச்சேன்.

அரிசியைத் தூக்கிக்கிட்டு பக்கத்து டவுன்ல ஒரு ஹோட்டலுக்குப் போனேன். முதலாளி தெரிஞ்சவர், மரியாதையா உட்கார வெச்சுக் காபி குடுத்தார். ஒரு பிடி அரிசியைக் கையில எடுத்துப் பார்த்து, வாயில போட்டுக் கடிச்சார். "நல்ல அரிசிண்ணே. ஆனா புதுசு. குழைஞ்சிடும். ஒரு வருஷப் பழசாக் குடுங்க. எனக்குச் சோறு காணணும்ல"ன்னார்.

சோறு காணணும்ங்கறது ஹோட்டல்காரங்க பேச்சு. பழைய அரிசி தண்ணியை நல்லா இழுக்கும், உப்பும், பருக்கை பருக்கையா நிக்கும். ஒரு கிலோவுல இன்னும் ரெண்டு இலைக்குப் பரிமாறலாம். புது அரிசி அப்படியில்ல. அவர் சொன்னதுல தப்பே கிடையாது. அவருக்கு கேஸ் விலை, வாடகை, ஆள் சம்பளம். கொஞ்சம் குழைஞ்சா "ரேஷன் அரிசி போடறான்"னு கஸ்டமர் எழுதிட்டுப் போயிடுவான்னு பயம்.

ஆனா ஒரு வருஷம் நெல்லை வெச்சிருக்க எனக்கு எங்க வழி? சொசைட்டி பயிர்க்கடனை தவணைக்குள்ள கட்டினாத்தான் வட்டி இல்ல. நகை பேங்க்ல இருக்கு. நெல்லு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே அந்தப் பணத்துக்கு நாலு பேர் காத்திருக்காங்க. அறுத்த பதினஞ்சு நாள்ல வித்தாகணும்ங்கறது என் நிலைமை. அறுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும்ங்கறது அவர் நிலைமை. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரு வருஷத்தை யார் தாங்கறாங்களோ அவங்க அரிசிதான் உங்க இலையில விழுது. அதைத் தாங்கற தெம்பு பெரிய மில்லுக்கு இருக்கு, எனக்கு இல்ல.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். அந்த வருஷம் வரைக்கும் எங்க வீட்டுலயே சிப்ப அரிசிதான். ஜிஎஸ்டி வந்தப்ப 25 கிலோ சிப்பம் 26 கிலோ ஆனதை வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நெல்லு விளையுற வீட்டுல கடை அரிசி. எங்க தெருவுல பாதி வீடு இப்படித்தான். அதனால ஹோட்டல்காரரைக் கேள்வி கேக்கற தகுதி எனக்கு முழுசா இருக்குன்னு சொல்ல மாட்டேன்.

கடைசியில நாகப்பட்டினத்துல ஒரு மெஸ் அக்கா அம்பது கிலோ எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்டயும் அதே பேச்சுதான் ஆரம்பிச்சுது, புதுசு, குழையும்னு. ஆனா பெரிய பாத்திரத்துல போட்டு வேக விடாம, கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு உலையா வெச்சு வடிச்சுப் பார்த்தாங்க. நின்னுது. ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டாங்க. ஒரு மாசம் கழிச்சுப் போனப்ப, "அண்ணே, மூணு பேரு என்ன அரிசிக்கான்னு கேட்டாங்க. ஒருத்தர் வடிச்ச கஞ்சியை வேற கேட்டு வாங்கிக் குடிச்சார். இன்னும் அம்பது கிலோ இருக்கா?"ன்னாங்க. அப்ப என்கிட்ட வீட்டுச் செலவுக்கு வெச்சதுதான் மிச்சம். மத்ததைத் தெரிஞ்சவங்களுக்குக் கிலோ எழுபதுன்னு குடுத்துத் தீர்த்திருந்தேன்.

அந்த மூணு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது. உங்கள்ல ஒருத்தராக்கூட இருக்கலாம். அவங்க கேட்ட கேள்விக்கு அவ்வளவு பலம் இருந்தது. நான் நாலு தடவை நடந்தும் திறக்காத கதவு, சாப்பிட வந்த மூணு பேர் சாதாரணமாக் கேட்டதுல திறந்துடுச்சு. மீனுக்கு "இன்னைக்குப் பிடிச்சதா?"ன்னு கேக்கறீங்க. காபிக்கு பால் எங்கேர்ந்துன்னு விசாரிக்கறீங்க. இலையில பாதிக்கு மேல இருக்கிறது சோறு, அதைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் திறக்கறதில்ல.

பாரம்பரிய அரிசி சாப்பிட்டா சர்க்கரை போயிடும், மூட்டு வலி போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லி விக்கிறவங்க வேற. கிலோ நூத்தியிருபது ரூபா குடுத்து அழகான பையில வாங்குங்கன்னும் சொல்லல. எங்க பக்கம் வந்தா, எங்க பக்கம் விளைஞ்சதைக் கேளுங்க. பிபிடியா இருந்தாலும் சரி, அதையும் இங்க போடறோம். கேட்டுட்டு, இல்லேன்னா இருக்கறதைச் சாப்பிட்டுட்டுப் போங்க. சண்டை வேண்டாம். சர்வர் தம்பிக்குத் தெரியாது, அவன் உள்ள போய்க் கேப்பான். அப்படி உள்ள போய்க் கேட்டாலே போதும்.

நண்பர் ஊர் திரும்பிட்டு நேத்து போன் பண்ணினார். வாடா பிரமாதம், இட்லி சுமார்தான், பாறை மீன் குழம்பு நல்லா இருந்ததுன்னார். "கேட்டீங்களா?"ன்னேன். ரெண்டு இடத்துல கேட்டாராம். ஒரு இடத்துல "நல்ல அரிசி சார்"னு பதில். இன்னொரு இடத்துல முதலாளியே வந்து "ஏன் சார், சோறு சரியில்லையா?"ன்னு பதறிட்டாராம். "இல்லங்க, இந்த ஊர் அரிசியான்னு கேட்டேன்"னு இவர் சொன்னதும், அவர் கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "அப்படி யாரும் கேட்டதில்ல சார்"னு சொன்னாராம்.

ஆவணியில சம்பாவுக்கு விதை விடணும். கிச்சிலி மூணு மாவா, ஆறு மாவா, இல்ல மொத்தமும் சி.ஆர். 1009ஆன்னு இன்னும் முடிவு பண்ணல. விதை நெல்லு ரெண்டுக்கும் எடுத்து வெச்சிருக்கேன்.