துண்டில் எழுதிய மருந்து



மஹய்யாவையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யுத்தத்தில் கணவரை இழந்தவர். பிரஷருக்குக் கிளினிக் போகிறார். சிகிச்சை இலவசம்தான். ஆனால் போன மாதம் ஒரு குளிசை இருப்பில் இல்லை. வெளியே வாங்கத் துண்டு கொடுத்தார்கள். அதில் கம்பனிப் பெயர். விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் வந்தார்.

மறுநாள் ஒசுசலவுக்கு அழைத்துப் போனேன். அதே மருந்து பொதுப்பெயரில், குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஏழைகளுக்கும் மருந்து எட்டவேண்டும் என்றே 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் உருவானது. பேராதனைப் பேராசிரியர் சேனக பிபிலே அதன் முதல் தலைவர்.

காசு முட்டுப்பட்டால் பெண்கள் நாங்கள் முதலில் நிறுத்துவது எங்கள் மருந்தைத்தான். நிறுத்தாதீர்கள். "பொதுப்பெயரை எழுதித் தாருங்கள், டொக்டர்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.