அந்த டிக் டிக் சத்தத்தை விட்டுவிடாதீர்கள்



போன வாரம் தம்பி மகன் தன் பழைய ஆம்னி வேனில் குடும்பத்தோடு வந்திருந்தான். கிளம்பும்போது ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். "கொஞ்ச தூரம் போனா நின்னுடும் பெரியப்பா, பல நாளா இருக்கு" என்றான். அந்த 'நின்னுடும்'தான் எனக்குக் கவலை.

இன்ஜினுக்கும், அதிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவே கேஸ்கட் என்றொரு தகடு உண்டு. பட்டறையில் பேக்கிங் என்பார்கள். வருடக்கணக்கில் சூடாகி, ஆறி, ஒருநாள் அது விரிசல் விடும். அந்த இடுக்கில் புகை பீறிடும் சத்தம்தான் இது. உலோகம் சூடேறி விரிந்ததும் இடுக்கு குறுகும், சத்தம் அடங்கும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். (வால்வும் இப்படிச் சத்தம் போடும். மூட்டைச் சுற்றிக் கரித்தடம் இருந்தால் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆம்னியில் இன்ஜின் எங்கே இருக்கிறது? முன்சீட்டுக்கு அடியில்! மூடியைச் சுற்றிய ரப்பரும் வண்டியின் வயதுதான். கசியும் புகை நேராக உள்ளே வர வேறென்ன வழி வேண்டும்?

கார்பன் மோனாக்சைடு பாடம் நினைவிருக்கிறதா? நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இந்தக் கசிவு அதற்கு முன்னாலேயே நடக்கிறது, சுத்தமாகாத புகை. குழந்தைகளுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கம் வந்தால் 'வண்டி ஒத்துக்கலை' என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். கண்ணாடியைத் திறந்து, இறங்கிக் காற்றாட நிற்க வையுங்கள். தெளியவில்லை என்றால் உடனே மருத்துவமனை.

"பேஸ்ட் தடவினாப் போதும் சார்" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. அந்தச் சூட்டில் பேஸ்ட் நெடுநாள் நிற்காது. பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடுவதும் வீண். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாகப் படியாது. இதில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் உடையும், பிறகு அந்தச் செலவே பெரிதாகிவிடும். ஒட்டியிருக்கும் பழைய துணுக்குகளைக் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். அது வளைந்திருந்தால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் கசியும். நட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். பலம் காட்டுகிற இடமல்ல அது.

அதுவரை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதை எந்த வண்டியிலும் செய்யாதீர்கள். குலதெய்வக் கோயிலுக்கு வேனில் வரப்போகிறவர்கள், ஒருநாள் காலையில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறும் முன் இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். பாட்டை அணைத்துவிட்டு!