அடுக்களை உப்பும் மூளை நலமும்

ஒரே கிராமத்திற்கு ஒரே மாதத்தில் கள ஊழியர் இருவர் செல்கின்றனர். ஒருவர், அயோடின் சேர்ந்த உப்பையே உபயோகிக்க வேண்டும் என்று கூறிச் செல்கிறார். மற்றவர் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்க வேண்டும் என்கிறார். இல்லத்துப் பெண்மணி இவ்விருவரில் எவர் சொல்லைக் கேட்பது என்று திகைத்தால், குறை அவரிடம் இல்லை. இரண்டு அறிவுரைகளும் சரியானவையே. இரண்டும் மூளையைக் காக்கும் அறிவுரைகளே. இவ்வுண்மையை மக்களுக்கு மட்டுமன்றி நம் ஊழியர்களுக்கும் நாம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே எமது கருத்து.

கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்வதற்குத் தைராய்டு சுரப்பியின் சுரப்புநீர் இன்றியமையாதது. தொடக்க மாதங்களில் சிசு இதற்குத் தாயையே நம்பியிருக்கிறது. தாயின் உணவில் அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தைக்குச் செவிட்டுத் தன்மையும் அறிவு வளர்ச்சிக் குறைவும் நேரிடலாம். குறைவு மிதமாக இருக்குமிடத்தில் நோய் என்று சுட்டத்தக்கது எதுவும் தென்படாமல் போகலாம். ஆயினும் கற்கும் திறன் ஓரளவு குன்றக்கூடும். அத்தகைய குழந்தைக்குப் பள்ளியில் மந்தமான மாணவன் என்ற பெயர் மட்டும் கிடைத்துவிடுகிறது.

1956-ஆம் ஆண்டில், அப்பொழுது பஞ்சாபைச் சேர்ந்திருந்த காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும் மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முதல் இரண்டு பகுதிகளிலும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றியது. 1992-இல்தான் அதன் பெயர் அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள் தடுப்புத் திட்டம் என மாற்றப்பட்டது. கழுத்தில் தெரியும் வீக்கம் ஓர் அடையாளமே, பெரும் இழப்பு கண்ணுக்குத் தெரியாத மூளையில் என்பதைத் திட்டத்தின் பெயர் ஒப்புக்கொள்வதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின!

இரத்த அழுத்தத்தின் விஷயத்தில் அதே தாமதம் இன்று நடைபெறுகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. நடுவயதில் அழுத்தம் மிகுந்து பல்லாண்டுகள் நீடித்தால், மூளையின் உட்பகுதியிலுள்ள நுண்ணிய குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. வலியுமில்லை, அறிகுறியுமில்லை. அமெரிக்காவில் நிகழ்ந்து 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவரச் சிகிச்சை பெற்றவர்களிடம், 140 என்ற அளவோடு நின்றவர்களைக் காட்டிலும் ஆரம்ப நிலை நினைவுக் குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து காணப்பட்டது. முற்றிய மறதி நோய் குறைந்ததாக உறுதிபட நிறுவ இயலவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோருள் 100-க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அழுத்த மாத்திரை இதயத்திற்கு மட்டுமே என்று எண்ணி, தலைவலி இல்லாத நாளில் அதை நிறுத்திவிடும் முதியவரிடம், அது நினைவாற்றலுக்கும் காவல் என்று ஊழியர் கூறினால் அவர் செவிசாய்க்கக்கூடும்.

இனி, சற்றுக் கணக்குப் பார்ப்போம். சட்டப்படி அயோடின் உப்பில், அது வாங்குபவரை அடையும்போது, பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. 15 பங்குள்ள உப்பில் 5 கிராம் உண்டால் கிடைப்பது 75 மைக்ரோகிராம் அயோடின். வளர்ந்தவருக்குத் தேவை 150, கர்ப்பிணிக்கு 250. பாலும் மீனும் ஓரளவு ஈடுசெய்யும்; எல்லா வீடுகளிலும் அவை இல்லை. இன்று 10 கிராம் உண்பவருக்கு அதே உப்பு 150 மைக்ரோகிராம் தந்துவிடுகிறது. அதாவது, நாம் அளவு மீறி உப்பு உண்பதே உப்பின் தரக்குறைவை மறைத்து வைத்திருக்கிறது. உப்பைக் குறைக்கும் இயக்கம் வெற்றி பெறும்போது இந்த மறைப்பு விலகிவிடும். ஆகையால் உப்பைக் குறைக்கச் சொல்லும் ஊழியரே அவ்வீட்டு உப்பைச் சோதித்துப் பார்க்கவும் கடமைப்பட்டவர்.

2018-19-இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகித்த வீடுகள் நாடு முழுவதிலும் 100-க்கு 76. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்கும் தமிழ்நாட்டில் இது 62-ஐக்கூட எட்டவில்லை. மாநிலங்களுள் கடைசி இடம். உப்பளங்களின் நாட்டிலேயே இந்நிலை! போதாக்குறைக்கு, நகரங்களில் இந்துப்பு உடலுக்கு உகந்தது என்று கூறி அதிக விலைக்கு விற்கப்படுகிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்துவதில் அதுவும் உப்பே. அயோடினோ, தனியே சேர்க்கப்பட்டாலன்றி, அதில் பொருட்படுத்தும் அளவு இல்லை.

ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது எளிது. மாணவர்கள் வீட்டிலிருந்து ஒரு கரண்டி உப்பு கொண்டுவரட்டும். சோதனைத் திரவத்தின் ஒரு துளியை விட்டால் அயோடின் உள்ள உப்பு ஊதா நிறம் கொள்ளும். சரியான அளவை இத்துளி காட்டாது, உண்டா இல்லையா என்பதைக் காட்டும். எந்த வீட்டு உப்பு நிறம் மாறவில்லை என்று வகுப்பில் உரக்கக் கூறுதல் கூடாது. அது வறுமையைச் சுட்டுவதாக முடியும். அவ்வீட்டு முகவரியைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தந்தால் போதும்.

கள ஊழியர்களுக்கு ஒரு சொல். உப்பைக் குறைக்கச் சொல்லும்போது ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அவற்றிலுள்ளது பெரும்பாலும் அயோடின் சேராத உப்பாக இருக்கலாம். சமையலுக்கு மிஞ்சுகிற சிறிதளவு உப்பு அயோடின் உப்பாகவே இருக்கட்டும். அதை மூடிய பாத்திரத்தில், அடுப்பினின்றும் தள்ளி வைக்கவும், குழம்பை இறக்கும் தறுவாயில் சேர்க்கவும் சொல்லுங்கள். அழுத்தமானியும் சோதனைத் திரவமும் இன்று வெவ்வேறு பைகளில், வெவ்வேறு திட்டங்களின் பதிவேடுகளோடு செல்கின்றன. இரண்டையும் ஒரே பையில் வைக்கவும், ஒரே ஏட்டில் பதியவும் ஆணையிடுவது மேலதிகாரிகளின் பொறுப்பு.