பட்டிப்பட்டை அலங்காரமல்ல



தரவுத்தளம் பற்றிய வினா என்றதும் அட்டவணை, முதன்மைச் சாவி, வினவல், படிவம், அறிக்கை என மளமளவென்று எழுதிவிடுகிறீர்கள். நல்லது. ஆனால், நீங்களே ஒரு தரவுத்தளத்தை உருவாக்கும்போது அதன் பட்டிப்பட்டையையும் கருவிப்பட்டையையும் "அலங்காரந்தானே" என்று கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். அது தவறு என்பதே எனது கருத்து.

நான் கலைப் பட்டதாரி. கணனியைப் பின்னர்தான் கற்றேன். 2012இல் நான் கற்பித்த கல்வி நிலையத்தின் கட்டணப் பதிவுக்காக அக்செஸ் 2003இல் ஒரு தரவுத்தளம் செய்துகொடுத்தேன். கருவிப்பட்டையில் "சேமி", "அழி" ஆகிய பொத்தான்களை அருகருகே வைத்தேன். ஒரு பதிவை அழிக்குமுன், அதை மீளப் பெற முடியாது என்று அக்செஸ் எச்சரிக்கும். அது தொல்லையென்று நானே நிறுத்திவைத்தேன்.

கட்டணம் வாங்கும் அக்கா, ஒரு மாணவனின் தொகையைத் திருத்திவிட்டுச் சேமிக்கப் போய்ப் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். பதிவு போய்விட்டது. அடுத்த வாரம், காசு கட்டவில்லையென்று அந்த மாணவனை வகுப்பு வாசலில் நிறுத்தினோம். தாயார் பற்றுச்சீட்டுடன் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அக்காவுக்குக் கவனம் போதாது என்று எல்லோரும் சொன்னார்கள். பிழை அவருடையதன்று, என்னுடையது.

ஆகவே, வடிவமைக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இதன் முன் அமரப்போகிறவர் யார், அவர் நாளாந்தம் செய்யும் வேலை எது? பட்டிகளுக்கு "அட்டவணைகள்", "வினவல்கள்" என்று பெயரிடாதீர்கள். அவை உங்களுடைய பாடச் சொற்கள். "மாணவர் சேர்ப்பு", "கட்டணம்", "மாத அறிக்கை" என்பனவே அவருடைய சொற்கள். கட்டளைகள் எல்லாம் பட்டிகளுக்குள் இருக்கட்டும். கருவிப்பட்டையிலோ அடிக்கடி தேவைப்படும் ஐந்தாறு மாத்திரம் போதும். சிறுபடத்துடன் பெயரையும் காட்டுங்கள். அந்த நேரத்தில் பயன்படாத கட்டளை மங்கலாகத் தெரியட்டும். அழிக்கும் கட்டளையைக் கருவிப்பட்டையில் வைக்காமல், பட்டியின் அடியில் ஒரு பிரிகோட்டுக்குக் கீழே வையுங்கள். எச்சரிக்கையை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

"அக்செஸ் 2007உடன் பழைய பட்டிகள் போய் றிபன் வந்துவிட்டதே, இது எதற்கு சேர்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். லிப்ரே ஆபிஸ் பேஸில் இன்றும் பட்டிகளும் கருவிப்பட்டைகளும் உள்ளன. றிபனிலும் கட்டளைகளைக் குழுக்களாகப் பிரித்தே வைக்கவேண்டும். எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்ற கேள்வி அங்கும் வரும்.

உங்கள் தரவுத்தளத்தை ஒப்படைக்குமுன் வீட்டில் அம்மாவையோ தம்பியையோ அதன் முன் இருத்துங்கள். ஒரு பதிவைச் சேர்க்கவும், இன்னொன்றைத் திருத்தவும் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர்களுடைய கை எங்கே தயங்குகிறதோ, அங்கே திருத்துங்கள். புள்ளிகளுக்காக மட்டுமன்று, வகுப்பு வாசலில் இன்னொரு பிள்ளை நிற்காமல் இருப்பதற்காகவும் இதைச் செய்யுங்கள்.