படம் கீறப் பழக எந்தப் புத்தகம்?

இந்த மாதம் புத்தகம் வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். பாடப் புத்தகமல்ல. ஜப்பானியரின் சித்திரக் கதையான 'மங்கா' கீறப் பழக்கும் புத்தகம். பள்ளிவாசல்துறைப் பக்கம் வீடுகளுக்குப் போகும்போது இந்தச் சொல் இப்போது காதில் விழுகிறது. மாங்காய் என்று நினைத்துச் சிரித்த உம்மும்மாவும் உண்டு. டோரேமோன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கணக்குக் கொப்பியின் பின் ஒற்றையில் பெரிய கண்களும் கூரான முடியும் உள்ள முகங்களைக் கீறுகிறார்கள். தாய்மார் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "மிஸ், இதுக்கு நல்ல புத்தகம் இருக்காம். வாங்கிக் குடுத்தா காசு வீணாப் போகுமா?"

நியாயமான கேள்வி. வெளிநாட்டில் அச்சிட்ட அப்படியொரு புத்தகத்தின் விலை, கருவாடு காயப்போடும் ஒரு பெண்ணின் பல நாள் கூலி. என்னிடம் கேட்டவர்களில் ஒருவர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுமியாக இந்தக் கரைக்கு வந்தவர். முகாமில் அவருடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பதினைந்து வயது மகள் வாய்திறந்து ஒரு பொருளைக் கேட்டது இதுவே முதல் தடவை என்றார். ஆகவே வாங்குவதென்றால் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் அட்டையை நம்பாதீர்கள். எல்லா அட்டைகளும் பளபளப்பாகத்தான் இருக்கும். கைவிரல்கள் கீறக் காட்டும் பக்கத்தைத் தேடித் திறவுங்கள். கீறுவதில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கையிலும் பாதத்திலும்தான். அந்தப் பக்கமே இல்லாவிட்டால், அல்லது எல்லாக் கைகளும் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தால், புத்தகத்தை வைத்துவிடுங்கள். அடுத்து, ஒரு முகம் எத்தனை படிகளில் முடிகிறது என்று எண்ணுங்கள். முதற்படத்தில் வட்டம், இரண்டாவதில் முடிந்த முகம் என்று தாவும் புத்தகம் பிள்ளையை அழத்தான் வைக்கும். வட்டம், நடுக்கோடு, தாடை, கண் இருக்கும் இடம், பிறகு முடி என்று ஆறுதலாகப் போவதே பழக்கும் புத்தகம். ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்தே பின்தொடரலாம்.

அளவு சொல்லித் தருகிறதா என்றும் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் உயரம் அவருடைய தலையைப் போல் ஏறத்தாழ ஏழு, ஏழரை மடங்கு. மங்காவில் வரும் குள்ள உருவங்களுக்கு இரண்டு, மூன்று தலை உயரம். கண் இருப்பது தலையின் நடுவில். பிள்ளைகளோ நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். இந்தக் கணக்கைச் சொல்லாமல் முகங்களை மட்டும் அடுக்கித் தரும் புத்தகம் வெறும் பார்த்தெழுதும் கொப்பிதான்.

இன்னொன்று, தாய்மார் முழுப் புத்தகத்தையும் தாங்களே புரட்டிப் பார்க்க வேண்டும். சில புத்தகங்களில் மெலிந்த இளம் பெண்களைத் தவிர வேறு மனிதரே இல்லை. அந்த உடுப்புகளும் நிற்கும் விதமும் பிள்ளைக்கு ஏற்றவையல்ல. கூன் விழுந்த கிழவி, கைக்குழந்தை, பருத்த ஆள், இவர்களும் இருக்கும் புத்தகமே மனிதரைக் கீறப் பழக்கும். உருவம் கீறலாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். அது அந்தந்த வீட்டார் பேசித் தீர்க்க வேண்டியது.

பெயர் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்கரான மார்க் கிரில்லி 2012இல் வெளியிட்ட 'மாஸ்டரிங் மங்கா' முப்பது பாடங்களாக அமைந்தது, தொடங்குபவருக்கு நல்லது. ஜப்பானின் கிராபிக்ஷா பதிப்பகத்தின் 'ஹவ் டு ட்ரோ மங்கா' ஒரு வரிசை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒவ்வொரு பொருள் என்பதால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வரிசையையே வாங்க வேண்டாம். ஸ்கொட் மெக்கிளவுட்டின் 'மேக்கிங் கொமிக்ஸ்' (2006) ஆங்கிலம் வாசிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு. கொழும்பில் செப்டெம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாகத் தேடச் சொல்வது, கதையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கச் சொல்லித் தரும் பக்கங்களை. ஏனென்றால் மங்கா என்பது பெரிய கண்ணல்ல, கதை. ஹிரோஷிமாவில் 1945 ஓகஸ்ட் 6இல் குண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு ஆறு வயது. தகப்பனையும் அக்காவையும் தம்பியையும் அன்று இழந்தார். பின்னாளில் அதையே மங்காவாக எழுதினார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் மச்சிக்கோ ஹசேகாவா. சிறுவயதில் தகப்பனை இழந்தவர். தாயும் மூன்று பெண்பிள்ளைகளுமான வீடு. போர்க்காலத்தில் தோக்கியோவை விட்டு ஃபுக்குவோக்காவுக்கு இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்த மறுவருடம், 1946இல், அங்குள்ள பத்திரிகையொன்றில் அவர் 'சசாயே-சான்' என்ற நான்கு கட்டச் சித்திரக் கதையைத் தொடங்கினார். சண்டையில்லை, வீரனில்லை. உணவுத் தட்டுப்பாடும் சமையலும் சிரிப்பும் நிறைந்த ஒரு வீட்டுப் பெண்ணின் நாட்கள். கடற்கரையில் நடக்கும்போது பாத்திரங்களுக்குப் பெயர் வைத்தாராம். சசாயே என்பது ஒருவகைக் கடல் நத்தை; தம்பி கட்சுவோ, சூரை மீன்; தங்கை வக்காமே, கடற்பாசி; தாயின் பெயரோ தோணி. நம் கரையிலும் வைக்கக்கூடிய பெயர்கள்! புத்தகமாக வெளியிடச் சகோதரிகளே ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். கதை 1974 வரை பத்திரிகையில் வந்தது. அந்த வீட்டுக்குச் சோறு போட்டது பென்சில்தான்.

நான்கு கட்டம் என்பது பழகுவதற்கும் சுலபம். ஒரு கொப்பி ஒற்றையை நான்காக மடித்தால் போதும். மேலே சொன்ன மகள் புத்தகம் வருவதற்கு முன்பே ஒன்று கீறியிருந்தாள். முதற் கட்டத்தில் பாயில் பரப்பிய கருவாடு. இரண்டாவதில் காகம். மூன்றாவதில் தடியோடு ஓடும் உம்மா. நான்காவதில் அதே காகம் தன் கூட்டத்தோடு. உம்மாவின் கை சரியாக வரவில்லை. ஆனால் ஓட்டம் வந்திருந்தது. வீடே சிரித்தது.

ஜப்பானிய மங்கா வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது சிலருக்குக் குழப்பம். மத்ரஸாவில் ஓதிப் பழகிய பிள்ளைக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. விசேட பேனா, மை, தாள் எல்லாம் வேண்டுமென்று சில புத்தகங்கள் பட்டியல் போடும். இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுங்கள். எச்.பி. பென்சில் இரண்டு, நல்ல அழிறப்பர் ஒன்று, கறுப்புக் குமிழ்முனைப் பேனா ஒன்று. தாளுக்குப் பழைய கலண்டர் ஒற்றைகளின் பின்பக்கம் இருக்கிறது.