எத்தனை ஜி.பி. வேண்டும்? – மடிக்கணினி வாங்குவோர் சிந்தனைக்கு



தேர்வு முடிவுகள் வெளிவந்து கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்கு லேப்டாப் வாங்கணும் சார். எது நல்லது?"

இந்தக் கேள்விக்கு நேரடியான விடை கிடையாது. "எந்த அளவுகோல் நல்லது?" என்று கேட்பதைப் போன்றது இது. வயலின் நீளத்தை அளக்க நாடா வேண்டும். மெல்லிய கம்பியின் விட்டத்தை அளக்கத் திருகு அளவி வேண்டும். திருகு அளவி நுட்பமான கருவிதான். அதற்காக அதைக் கொண்டு வயலை அளக்க முடியுமா? எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பது அதன் பிறகுதான்.

மடிக்கணினி விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கடைக்குப் போகிறோம். அட்டையில் எழுதியுள்ள எண்களைப் பார்க்கிறோம். எண் பெரிதாக இருந்தால் பொருளும் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். கையிலுள்ள பணம் போதாவிட்டால் மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்கிறோம். இன்று மடிக்கணினி 30,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் கிடைக்கிறது. இந்த வித்தியாசம் பல வீடுகளில் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புச் செலவு. ஆகவே இது கடைக்காரரிடம் விட்டுவிடக்கூடிய முடிவு அல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் பட்டு வாங்கிய விலையுயர்ந்த இயந்திரத்தைவிட, இன்றைய தேவைக்கு அளவானதும் நாளை விரிவாக்கக்கூடியதுமான எளிய இயந்திரமே மாணவருக்கு ஏற்றது. ஏன் என்று பார்ப்போம்.

சிறுவருக்காகப் பிறந்த எண்ணம்

மடிக்கணினி என்ற எண்ணமே உங்களைப் போன்ற சிறுவர்களுக்காகத் தோன்றியது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1972-ஆம் ஆண்டு ஆலன் கே என்ற அமெரிக்க அறிவியலாளர், நோட்டுப் புத்தக அளவில், கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு கணினியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். "டைனாபுக்" என்று அதற்குப் பெயரிட்டார். எல்லா வயதுச் சிறுவர்களும் தாமே கணக்கிட்டும், வரைந்தும், நிரல் எழுதியும் கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1981-இல் விற்பனைக்கு வந்த "ஆஸ்பார்ன் 1" என்ற எடுத்துச் செல்லும் கணினியின் எடை சுமார் 11 கிலோகிராம். திரை 5 அங்குலம். நினைவகம் 64 கிலோபைட். இன்று சாதாரண மடிக்கணினியில் உள்ள 8 ஜி.பி. நினைவகம் அதைப்போல் 1,31,072 மடங்கு! அந்தச் சிறிய நினைவகத்தைக் கொண்டே அன்று கடிதங்களும் கணக்குகளும் நிரல்களும் எழுதப்பட்டன. ஆகவே "இது போதாது" என்று யாராவது சொன்னால், "எதற்குப் போதாது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மேசையும் அலமாரியும்

மடிக்கணினி விளம்பரங்களில் இரண்டு இடங்களில் ஜி.பி. என்று வரும். ஒன்று ராம் எனப்படும் நினைவகம். மற்றொன்று சேமிப்பகம். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

நினைவகம் என்பது நீங்கள் படிக்கும் மேசை. சேமிப்பகம் என்பது புத்தக அலமாரி. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேசை சிறிதாக இருந்தால், ஒரு புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டியிருக்கும். கணினி "மெதுவாக இருக்கிறது" என்று நாம் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கட்டுரை எழுதவும், இணையத்தில் படிக்கவும், காணொளிப் பாடம் பார்க்கவும், பைத்தான் மொழியில் நிரல் பழகவும் 8 ஜி.பி. நினைவகம் போதும். பெரிய படத்தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் போன்றவற்றுக்கு 16 ஜி.பி. வேண்டும். 4 ஜி.பி. என்றால் இன்றைய விண்டோஸ் திணறும்.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி உண்டு. நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளதா, அல்லது கழற்றி மாட்டக்கூடியதா? கழற்றக்கூடியது என்றால் இன்று 8 ஜி.பி. வாங்கி, இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேவைப்பட்டால் இன்னொரு 8 ஜி.பி. சேர்த்துக்கொள்ளலாம். பற்றவைத்தது என்றால் வாங்கிய அன்று இருப்பதே கடைசி வரைக்கும். இந்த விவரம் அட்டையில் பெரிய எழுத்தில் இராது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேமிப்பகத்துக்கு வருவோம். பழைய கணினிகளில் இருந்தது சுழலும் வன்தட்டு. அது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் என்று கொள்வோம். அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. தேடும் தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அந்த முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் பல மில்லிநொடிகள் ஆகும். ஆகவே தட்டில் சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு நூறு முறைகூட அதனால் தேடி எடுக்க முடியாது. எஸ்.எஸ்.டி. என்ற புதிய வகைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. அது மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தகவலைத் தந்துவிடும். எனவே 1,000 ஜி.பி. வன்தட்டைவிட 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள கணினி உங்களுக்கு மேலானது. எண் சிறிது; பயன் பெரிது!

"512 ஜி.பி. என்று சொல்லி விற்றார்கள், திரையில் 476 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சிலர் வருந்துவதுண்டு. இது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை 1,000 × 1,000 × 1,000 பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 1,024 × 1,024 × 1,024 என்று கணக்கிடுகிறது. வகுத்துப் பாருங்கள், 476 வரும்.

செயலியின் பெயரில் மயங்காதீர்

"ஐ3-ஐவிட ஐ7 உயர்ந்தது" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் சொல். ஒரே ஆண்டில் வெளியான, ஒரே வகைச் செயலிகளுக்குள் இது பொதுவாகச் சரி. ஆனால் ஆண்டைப் பார்க்காமல் இதைச் சொல்வதில் பொருள் இல்லை. 2013-இல் வந்த ஐ7-4500யு என்ற செயலியில் இரண்டே உள்ளகங்கள் இருந்தன. 2022-இல் வந்த ஐ3-1215யு செயலியில் ஆறு உள்ளகங்கள்! பழைய ஐ7-ஐப் புதிய ஐ3 எளிதாக முந்தும். 2023-இல் இன்டெல் நிறுவனம் புதிய செயலிகளின் பெயரில் "ஐ" எழுத்தையே விட்டுவிட்டது. எனவே செயலியின் முழு எண்ணையும் குறித்துக்கொண்டு, அது எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள்.

"4.4 கிகாஹெர்ட்ஸ்" என்று அட்டையில் போட்டிருந்தால் அது உச்ச வேகம். செயலியின் மின்திறன், அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடு நேர்விகிதத்திலும் உயரும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால் வெப்பம் விரைந்து ஏறும். மெல்லிய பெட்டிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழி குறைவு. ஆகவே செயலி சிறிது நேரம் ஓடிவிட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நூறு மீட்டர் ஓட்டக்காரரின் வேகத்தைக் கொண்டு மாரத்தானைக் கணக்கிடலாமா?

திரையும் மின்கலமும்

திரையின் அளவு அங்குலத்தில் தரப்படுகிறது. அது மூலைவிட்டத்தின் நீளம். பிதாகரஸ் தேற்றம் தெரிந்த உங்களுக்கு இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. 15.6 அங்குலத் திரையின் அகல உயர விகிதம் 16:9 என்றால் அதன் உயரம் 19.4 செ.மீ. 14 அங்குலத் திரையின் விகிதம் 16:10 என்றால் உயரம் 18.8 செ.மீ. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்தான்! பக்கம் பக்கமாகப் படிப்பவருக்கு உயரமே முக்கியம். தோளில் சுமந்து பஸ்ஸில் போகும் மாணவருக்குச் சிறிய இயந்திரமே வசதி.

மின்கலத்தைப் பற்றி விளம்பரங்கள் "10 மணி நேரம்" என்று சொல்லும். எந்த வேலைக்கு, எவ்வளவு வெளிச்சத்தில் என்று சொல்வதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-மணி என்ற அளவு. ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் 11.4 வோல்ட், கொள்ளளவு 3.6 ஆம்பியர்-மணி என்றால், பெருக்கினால் 41 வாட்-மணி. எழுதும்போது கணினி 8 வாட் செலவிட்டால் ஐந்து மணி நேரம் வரும். கடினமான வேலையில் 20 வாட் செலவிட்டால் இரண்டு மணி நேரம்தான். பத்தாம் வகுப்பு இயற்பியலே இதற்குப் போதும்.

வீட்டிலிருக்கும் பழைய இயந்திரம்

2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அண்ணனோ அக்காவோ பெற்ற அந்தக் கணினி உங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கலாம். "பழசாகிவிட்டது" என்று ஒதுக்கியிருப்பீர்கள். இத்தகைய பழைய கணினிகள் பலவற்றில் வன்தட்டைக் கழற்றி, அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யை மாட்டி, நினைவகத்தையும் சற்றுக் கூட்டினால், எழுத்து வேலைக்கும் நிரல் பழகவும் அது மீண்டும் உதவும். புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதிதான் செலவு.

மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இந்தக் காரணத்தாலேயே பல நல்ல இயந்திரங்கள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. விவரம் தெரியாமல் வாங்கினால் சிக்கல். ஆனால் லினக்ஸ் என்ற கட்டற்ற இயக்குதளம் அவற்றில் நன்றாகவே ஓடும். அதற்கு விலை கிடையாது. லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா, பைத்தான் ஆகியவையும் அப்படியே. ஒரு மடிக்கணினியின் வாழ்நாளில் சூழலில் கலக்கும் கரிவளியில் பெரும் பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே இருப்பதை இன்னும் மூன்று ஆண்டு ஓட்டுவது பூமிக்கும் நல்லது.

மறுப்பும் விடையும்

"இப்போதே பெரிதாக வாங்கிவிட்டால் ஐந்தாறு ஆண்டு கவலையில்லையே" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்தாண்டு கழித்து நீங்கள் என்ன படித்துக்கொண்டிருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. மருத்துவமா, கட்டடக் கலையா, வணிகவியலா? ஒவ்வொன்றின் தேவையும் வேறு. தெரியாத தேவைக்கு இன்று கடன் வாங்குவதைவிட, விரிவாக்க இடமுள்ள கணினியை வாங்கி, மீதிப் பணத்தைச் சேமித்து வைப்பதே அறிவுடைமை. முப்பரிமாண வடிவமைப்போ படத்தொகுப்போ படிப்பவருக்குத் தனி வரைகலைச் செயலி உண்மையிலேயே தேவை. அவர்கள் செலவிடட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கிறான் என்பதற்காக மற்றவர்கள் செலவிட வேண்டாம்.

அதே சமயம், மிக மலிவானதும் ஆபத்தே. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பகம், இரண்டும் பற்றவைக்கப்பட்டவை என்றால், ஓராண்டில் இடம் நிரம்பிவிடும், கூட்டவும் வழியிராது. அந்தப் பணத்துக்கு, நம்பகமான கடையில் பயன்படுத்திய நல்ல கணினியை உத்தரவாதத்தோடு வாங்கலாம்.

செய்து பாருங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் ஒரு தாளில் எழுதி வாருங்கள். கணினி இருந்தால் இன்று எந்த வேலையை, எத்தனை நிமிடம் செய்திருப்பேன்? அதில் எதைக் கைப்பேசியிலோ பள்ளிக் கணினி அறையிலோ செய்ய முடியாது? வார முடிவில் அந்தத் தாளை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. செயலியின் முழு எண் என்ன? எந்த ஆண்டில் வந்தது?
2. நினைவகத்தைக் கூட்ட முடியுமா? எவ்வளவு வரை?
3. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யா? பின்னால் மாற்ற முடியுமா?
4. மின்கலம் எத்தனை வாட்-மணி? மாற்று மின்கலத்தின் விலை என்ன?
5. பழுது பார்க்கும் நிலையம் நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உண்டா?

விடை சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். ஒருவேளை, உங்கள் தாளைப் பார்த்தபின் இந்த ஆண்டு மடிக்கணினியே தேவையில்லை என்றும் தெரியவரலாம். அப்படியானால் அதுவும் நல்ல முடிவுதான். பணம் வீட்டில் இருக்கும். அடுத்த ஆண்டு தேவை இன்னும் தெளிவாகத் தெரியும்.