பாக்கிக் கணக்கிலிருந்து தொடங்கட்டும் பிபிஏ

2024-25 கல்வியாண்டு முதல் பிபிஏ படிப்பும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வரம்புக்குள் வந்துவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு எம்பிஏ பாடத்தின் சுருக்கமாகவே நடத்தப்படுவதை அங்கீகாரம் மட்டும் மாற்றிவிடாது. வேலை பார்த்துவிட்டு எம்பிஏவுக்கு வருபவருக்குக் கோட்பாடு, தான் கண்டதை விளக்கிக் காட்டும். ஒரு நிறுவனத்தையும் உள்ளே போய்ப் பார்க்காத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடம். ஒரு சிறு தொழிலில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதைத்தான் இளநிலையில் முதலில் கற்றுத்தர வேண்டும்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் ஒரு யூனிட் மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறது, பணம் 90 நாள் கழித்தே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலியோ வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். 18 லட்சம் ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றாலும் மாதம் 18,000 ரூபாய். பில் தொகையில் 3 சதவீதம் காத்திருந்ததற்கே போய்விடுகிறது. சட்டம் என்னவோ யூனிட்டின் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. இருந்தும், அந்த வட்டியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சம். கேட்பதா, விட்டுவிடுவதா, அந்த 3 சதவீதத்தை விலையில் ஏற்றுவதா, வேறு பார்ட்டியைத் தேடுவதா? நிதி, சட்டம், பேரம் எல்லாம் இந்த ஒரு பாக்கியில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பருவம் முழுக்க இதை வைத்தே பாடம் நடத்தலாம்.

இது படிப்பைத் தொழிற்பயிற்சியாகக் குறுக்கிவிடும் என்பார்கள். அமெரிக்க வணிகக் கல்வியைப் பற்றி ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் 1959-இல் வெளியான ஆய்வும் அப்படித்தான் குறைபட்டது. அது கேட்டது பகுப்பாய்வு. மேலே சொன்ன கேள்விகள் பகுப்பாய்வு இல்லாமல் வேறென்ன? இதற்கு பி.காம். இருக்கிறதே என்பதும் பொருந்தாது. பாக்கியைப் பேரேட்டில் ஏற்றுவது வணிகவியல். அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பது நிர்வாகம். பெரிய நிறுவன வேலையை நோக்கி வரும் மாணவருக்கும் இது வீண் போகாது. அங்கே கொள்முதல் பிரிவில் உட்காருபவர் இதே பில்லின் மறுபக்கத்தில்தான் இருப்பார். முதலாளிகள் கணக்கைக் காட்டமாட்டார்கள் என்பது மட்டும் நியாயமான தடை. பெயரை நீக்கிய பழைய பேரேடுகளைக் கல்லூரிகள் தங்கள் முன்னாள் மாணவர்களிடம் கேட்டு வாங்கலாம். அவர்களில் தொழில் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.